கோபம் வீடு வந்து சேரும் முன்

பாப்பா,

செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தரைக்கு நீ ஃபோனில் அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. பிஜியில் நீ போட்டு வைத்த கீசரை யாரோ அணைத்துவிட்டார்கள். ரூம்மேட்டிடம் கத்திவிட்டாய். அவள் பதில் பேசாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரே அறையில் ரெண்டு பேரும் முகம் பார்க்காமல் படுத்திருக்கிறீர்கள். "எனக்கு என்னக்கா ஆச்சு? நான் இப்படி இருந்ததே இல்லையே" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "விடு, காலைல சரியாயிடும்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அது பதிலே இல்லை என்று எனக்கே தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னை மாதிரி வேலைக்காகப் பெங்களூர் வந்து பிஜியிலும் வாடகை அறையிலும் தங்கியிருக்கிற மற்ற தங்கைகளும் படிக்கட்டும்.

முதலில் ஒன்று. உன் குணம் கெட்டுப்போகவில்லை. சேலத்தில் நீ நேரத்துக்குத் தூங்கினாய், அம்மா கையால் நேரத்துக்குச் சாப்பிட்டாய், காலேஜ் பஸ்ஸில் உட்கார்ந்து போய் வந்தாய். இங்கே வந்த பிறகு மூன்றும் போயிற்று. அந்த மூன்றும்தான் உன்னைச் சாதுவாக வைத்திருந்தன.

நான் இதைக் கற்றுக்கொண்ட நாளைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை. என் மகள் குட்டிக்கு அப்போது ஆறு வயது. மஞ்சள் மெட்ரோ ஓடத் தொடங்காத காலம். பெல்லந்தூரில் ஆபீஸ் முடிந்து 500டி பஸ்ஸில் ஏறினேன். நல்ல மழை. இப்லூரிலிருந்து சில்க் போர்டு சிக்னல் வருவதற்கே ஒன்றே கால் மணி நேரம், நின்றுகொண்டே. நடுவில் மேனேஜர் ஃபோன் செய்து, மூன்று நாளாகச் செய்த வேலையை மாற்றச் சொன்னார். "சரி சார்" என்றேன். மத்தியானம் சரியாகச் சாப்பிடவும் இல்லை. வீட்டுக் கதவைத் திறக்கும்போது மணி எட்டேகால். குட்டி ராகிக் கஞ்சி டம்ளரோடு ஓடிவந்தாள். கால் தடுக்கியது. கஞ்சி முழுக்க என் பையில். உள்ளே லேப்டாப்.

அப்போது நான் கத்தியதை இங்கே எழுத மாட்டேன். குழந்தை அழவில்லை. இன்னும் யூனிஃபார்ம்கூட மாற்றியிருக்கவில்லை. கழுத்திலிருந்த எலாஸ்டிக் வைத்த நீல டையைக் கழற்றி, அதை வைத்தே தரையைத் துடைத்தாள். ஒரு தடவை துடைப்பாள், நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். மறுபடி துடைப்பாள். மறுநாள் துவைக்க எடுத்தபோது, கஞ்சி பட்ட இடம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பாத்ரூமில் ரொம்ப நேரம் நின்றேன். என்னைக் கோபப்படுத்தியது சில்க் போர்டு. வாங்கிக்கொண்டது என் குழந்தை.

உனக்கு நான் சொல்ல வந்தது இதுதான், பாப்பா. கோபம் பிறக்கிற இடம் ஒன்று, இறங்குகிற இடம் வேறொன்று. சிக்னலிடம் கத்த முடியாது, மேனேஜரிடம் கத்த முடியாது. எங்கே கத்தினால் நம்மை விட்டுப் போகமாட்டார்கள் என்று நம்புகிறோமோ அங்கே போய் இறக்குகிறோம். எனக்குக் குழந்தை, உனக்கு ரூம்மேட். ஆகவே கத்துகிற அந்த நிமிஷத்தோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்லை. அதற்கு முந்தைய சில மணி நேரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

இந்த ஊரில் அது சுலபம் என்று நான் சொல்லவில்லை. டாம்டாம் என்ற நிறுவனம் உலக நகரங்களின் போக்குவரத்தைக் கணக்கெடுக்கிறது. 2022ஆம் வருஷக் கணக்குப்படி, பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் போகச் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி. அந்த வருஷம் உலகத்தில் லண்டனுக்கு அடுத்தபடி மெதுவான நகர மையம் நம்முடையதாகத்தான் இருந்தது. அதுவும் சராசரி. மழை பெய்கிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனிக் கணக்கு. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த ஊரும் இதுதான். இங்கே எரிச்சல் வருவது உன் தப்பு இல்லை. அது யார் மேல் விழுகிறது என்பதில்தான் நமக்குப் பொறுப்பு.

நான் முதலில் செய்தது ஒரு சின்ன நோட்டு வாங்கியது. கோபம் வந்த ஒவ்வொரு தடவையும், அடங்கின பிறகு, நாலே விஷயம் எழுதினேன்: மணி என்ன, கடைசியாக எப்போது சாப்பிட்டேன், முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினேன், அதற்கு முன் எங்கிருந்து வந்தேன். யார் மேல் கோபம், எதற்காக என்று எழுதவில்லை. அதை எழுதினால் திரும்பவும் பற்றிக்கொள்ளும். ரெண்டு வாரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. என் கோபம் பெரும்பாலும் சாயங்காலம் ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவில், வெறும் வயிற்றில், பஸ்ஸை விட்டு இறங்கின உடனே. உன் செவ்வாய்க்கிழமையை நானே எழுதிப் பார்த்தேன். ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்குச் சேலத்தில் பஸ் ஏறினாய். விடிகாலை நாலு மணிக்கு மடிவாளாவில் இறங்கினாய். திங்கள் ராத்திரி அமெரிக்காக்காரர்களோடு கால். செவ்வாய் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு பஃப்ஸ். கீசர் கடைசியில்தான் வருகிறது.

முதலில் அந்த ஞாயிறு ராத்திரி பஸ்ஸைப் பற்றிப் பேச வேண்டும். மடிவாளாவில் திங்கட்கிழமை விடிகாலை நின்று பார்த்தால் தெரியும். சேலம், கோவை, மதுரை, திருச்சி என்று எல்லா ஊர்ப் பஸ்ஸிலிருந்தும் நம் பிள்ளைகள் கண் சிவந்து, கழுத்து சுளுக்கி, கையில் அம்மா கட்டிக் கொடுத்த பையோடு இறங்குவார்கள். ஒன்பதரைக்கு ஆபீஸ். அந்த ஒரு ராத்திரியின் கடன் புதன்கிழமை வரைக்கும் தீராது. அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்லாட்டன் கிரிசான் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பகுதியினரை வழக்கம்போல் தூங்கவிட்டார். மற்றவர்களின் தூக்கத்தை ரெண்டே ரெண்டு ராத்திரி, ராத்திரிக்கு ரெண்டு முதல் நாலு மணி நேரம் குறைத்தார். பிறகு எல்லோரையும் எரிச்சலூட்டும் சத்தத்தைக் கேட்க வைத்தார். தூங்கினவர்களுக்கு அந்தச் சத்தம் ஓரளவு பழகிப்போனது. தூக்கம் குறைந்தவர்களுக்குப் பழகவே இல்லை, கோபம்தான் ஏறியது. உன் ரூம்மேட் அலாரத்தை மூன்று தடவை ஸ்நூஸ் செய்வது திங்கட்கிழமை உன்னைக் கொல்வதற்கும், வியாழக்கிழமை காதிலேயே விழாததற்கும் காரணம் இதுதான்.

அதனால், ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடு. அம்மா முகம் வாடும், தெரியும். "ராத்திரி சாப்பிட்டுட்டுப் போயேன் கண்ணு" என்பாள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். ராத்திரி ஒன்பதுக்குள் ரூமுக்கு வந்து, துணியை எடுத்து வைத்து, பத்தரைக்குப் படு. இரவு பஸ்தான் வழி என்று ஆகிவிட்டால், திங்கட்கிழமை யாரிடமும் முக்கியமான பேச்சு எதையும் வைத்துக்கொள்ளாதே. வாடகை, வேலை மாற்றம், சண்டையான பழைய விஷயம் எதுவும் வேண்டாம். அன்றைக்கு நீ எடுக்கும் முடிவு தூக்கமில்லாத ஒருத்தியின் முடிவு.

அடுத்தது வயிறு. சாயங்காலம் நாலரை மணிக்கு எதையாவது சாப்பிடு. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் நீ சிரிக்கிறாய். பசிக்கும்போது உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு அட்ரினலினை விடுகிறது. கோபத்துக்கும் அதே அட்ரினலின்தான். வயிற்றுக்கும் வாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். கார்த்திகை மாசம் பசவனகுடியில், தொட்ட பசவண்ணர் கோயிலைச் சுற்றி கடலெக்காய் பரிஷே நடக்கும். தெரு முழுக்க வேர்க்கடலைக் குவியல். அங்கே வாங்கி வறுத்து வைத்துக்கொண்டால் கொஞ்ச நாளுக்கு ஓடும். ஒரு சின்ன டப்பாவில் வேர்க்கடலையும் வெல்லமும், இல்லையென்றால் பொட்டுக்கடலை, கூட ஒரு ஏலக்கி வாழைப்பழம். பையிலேயே இருக்கட்டும்.

காபி விஷயத்தில் உன்னோடு சண்டை போடத் தயார். நீ ஆறு மணிக்குக் குடிக்கிற காபியில் இருக்கும் கஃபீனில் பாதி, சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். அதாவது ராத்திரி பதினோரு மணிக்கு நீ அரை டம்ளர் காபியோடு படுக்கிறாய். சாயங்காலம் ஃப்ரெண்ட்ஸோடு தர்ஷினி வாசலில் நிற்பதை விட வேண்டாம், அது மனசுக்கு நல்லது. இந்த ஊர்க்காரர்கள் அழகாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பை-டூ. ஒரு காபியை ரெண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். அதுவும் நாலரைக்குள்.

ரோட்டுக்கு வருவோம். உனக்கு ஒரு நல்ல காலம்: 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி மஞ்சள் மெட்ரோ வழித்தடத்தைத் திறந்துவிட்டார்கள். ஆர்.வி.ரோடிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். பிடிஎம் லேஅவுட்டில் ஏறி எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கினால் சில்க் போர்டை மேலேயிருந்து பார்த்துவிட்டுப் போய்விடலாம். கேப் வசதியாக இருக்கிறது என்கிறாய். கேப்பில் உட்காரத்தான் இடம், எப்போது போய்ச் சேருவோம் என்று தெரியாது. மெட்ரோவில் நின்றாலும் எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று தெரியும். ரோட்டில் நம்மை வாட்டுவது நேரம் ஆவது மட்டுமில்லை, எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது. மெட்ரோ இல்லாத பாதையில் போகிறவர்கள் மேப் காட்டுகிற நேரத்தோடு இருபது நிமிஷம் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். முன்னாடி போய்ச் சேர்ந்தால் அந்த இருபது நிமிஷம் உங்களுக்குத்தான். பயணத்தில் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பைத் திறக்காதே. படித்துவிட்டு அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது, சூட்டை மட்டும் வீட்டுக்குச் சுமந்து வருவாய்.

இனிச் சொல்வதுதான் எனக்கு மிகப் பெரிதாக உதவியது. தாத்தா வீட்டு வாசலில் செப்புக் குடத்தில் தண்ணீரும் ஒரு சொம்பும் இருக்குமே, நினைவிருக்கிறதா? யார் வெளியிலிருந்து வந்தாலும் கால் கழுவாமல் உள்ளே விடமாட்டார் தாத்தா. வந்தவரிடம் அதுவரை யாரும் எதுவும் கேட்கவும் மாட்டார்கள். கால் கழுவி, முகம் துடைத்து, திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்த பிறகுதான் "என்ன சேதி?" புழுதி போகத்தான் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், வெளியில் பட்டதையெல்லாம் வாசலிலேயே விட அது ஒரு ஏற்பாடு. அடுக்குமாடியில் திண்ணை இல்லை. அதனால் நானே ஒன்று உண்டாக்கிக்கொண்டேன். கீழே மாடிப்படியில் ஐந்து நிமிஷம் உட்காருவேன். ஃபோன் பைக்குள். மேலே போனதும் நேராகப் பாத்ரூம். காலிலும் முழங்கையிலும் பிடரியிலும் குளிர்ந்த தண்ணீர். உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் பேச்சு. குட்டிக்கும் உன் மாமாவுக்கும் இந்தச் சட்டம் தெரியும். "அம்மா கால் கழுவிட்டு வரட்டும்" என்று குட்டியே அவரை நிறுத்துகிறாள். நீயும் ரூம்மேட்டிடம் சொல்லிவை: "வந்த உடனே என்கிட்ட எதுவும் கேட்காதே, பத்து நிமிஷம் கொடு." கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

இவ்வளவு செய்தும் சில நாள் வந்துவிடும். வரட்டும். உடம்பு முன்கூட்டியே சொல்லும். எனக்குக் காது மடல் சூடாகும், பல் கடிபடும். உனக்குக் குரல் மெலிந்து வேகமாகும், கவனித்திருக்கிறேன். அந்த அடையாளம் தெரிந்த உடனே பேச்சை நிறுத்து. நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி மெல்ல விடு. பத்து தடவை. மூச்சை வெளியே விடுகிற நேரம் நீளும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு இறங்கும். துடிப்பு இறங்கினால் யோசனை திரும்பி வரும். அறையை விட்டு வெளியே போக வேண்டுமானால் சொல்லிவிட்டுப் போ: "கொஞ்சம் நடந்துட்டு வரேன், வந்து பேசறேன்." சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனால் அதுவும் அடிதான்.

"கொட்டித் தீர்த்தால் ஆறிடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள் அல்லவா? நானும் ரொம்ப நாள் அதை நம்பினேன். அது சரியில்லை. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சோஃபி கியார்விக்கும் பிராட் புஷ்மனும் 2024இல் 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் பங்கெடுத்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். தலையணையைக் குத்துவது, கத்தித் தீர்ப்பது மாதிரி உடம்பைச் சூடேற்றுகிற எதுவும் கோபத்தைக் குறைப்பதில்லை. மூச்சுப் பயிற்சி, தியானம், தசைகளைத் தளர்த்துவது, யோகா போல உடம்பின் வேகத்தை இறக்குகிறவைதான் குறைக்கின்றன. ஓட்டம்கூட அந்த நேரத்தில் கோபத்தைக் கூட்டலாம் என்று தெரிந்தது. உடம்புக்காக ஓடு, ஆனால் சண்டை போட்ட சூட்டோடு ஓடாதே. அப்போது மெதுவாக நட.

செவ்வாய்க்கிழமை நீ எனக்கு முன்னால் மூன்று பேரிடம் அந்தக் கீசர் கதையைச் சொல்லியிருந்தாய். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் பெரிதாகியிருந்தது. என்னிடம் வரும்போது உன் ரூம்மேட் ஆறு மாதமாக உன்னைத் திட்டமிட்டு வதைக்கிறவளாக ஆகிவிட்டாள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 280 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2024இல் வந்தது. பழைய கோபம் ஒன்றை எட்டே நிமிஷம் நினைவுக்குக் கொண்டுவந்தவர்களின் ரத்தக் குழாய்கள் சரியாக விரிய முடியாமல் நாற்பது நிமிஷம் வரை திணறின. எட்டு நிமிஷ நினைப்புக்கே நாற்பது நிமிஷம். ஒருத்தரிடம் சொல். உன் பக்கம் மட்டும் பேசாத ஒருத்தரிடம் சொல். ஒரு தடவை சொல். அது போதும்.

வாட்ஸ்அப்புக்கும் இதே கதைதான். கோபத்தில் டைப் செய்ததை உனக்கு நீயே அனுப்பிக்கொள். காலையில் பல் விளக்கிவிட்டுப் படி. நான் அப்படி வைத்திருந்தவற்றில் மறுநாள் அனுப்பியது ரொம்பக் குறைவு. ஆபீஸ் மெயிலாக இருந்தால், 'பெறுநர்' கட்டத்தைக் காலியாக வைத்துவிட்டு எழுது. தவறிப்போய் விரல் பட்டாலும் போகாது.

பெங்களூரில் நமக்கென்று தனியாக ஒரு கோபம் உண்டு, மொழிக் கோபம். கடையில் ஒருவர் முறைத்தார், ஆட்டோக்காரர் ஏதோ சொன்னார், பஸ்ஸில் ஃபோனில் தமிழ் பேசியதற்கு யாரோ திரும்பிப் பார்த்தார்கள் என்று நீ வந்து கொதிப்பாய். அந்தக் கோபத்தில் பாதி, பதில் சொல்ல வார்த்தை இல்லாததால் வருவது. இருபது வாக்கியம் கன்னடம் கற்றுக்கொள். "பர்த்தீரா அண்ணா?" என்று கேட்டுப் பார், பாதி ஆட்டோக்காரர்களின் முகமே மாறும். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று இந்த ஊர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது சும்மா இல்லை. நெரிசலில் இன்னொருவருக்கு இடம் விடச் சொல்கிற வார்த்தை அது. கன்னடத்தில் கோபத்துக்கு "சிட்டு" என்பார்கள். முதலில் கேட்டபோது எனக்கு நம் சிட்டுக்குருவிதான் நினைவுக்கு வந்தது. குட்டிக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போதெல்லாம் என் முகம் மாறினால், "அம்மா, சிட்டு வந்து உட்கார்ந்திருக்கு" என்கிறாள். பெயர் வைத்துச் சொன்னதும் கொஞ்சம் விலகிவிடுகிறது.

அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு நாள் போய் வா. அங்கே திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 1991இல் வைத்தார்கள். எதிர்ப்பு வந்ததால் திறக்க முடியவில்லை. அதே வருஷம் டிசம்பரில் காவிரிப் பிரச்னையில் இந்த ஊரில் தமிழர்கள் பட்ட பாட்டைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பதினெட்டு வருஷம் அந்தச் சிலை மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி எடியூரப்பாவும் கருணாநிதியும் சேர்ந்து நின்று திறந்தார்கள். நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞருக்குச் சிலை திறந்தார்கள். வெகுளாமை என்று கோபத்துக்கே ஓர் அதிகாரம் எழுதியவர் வள்ளுவர். ரெண்டு மாநிலத்தின் கோபம் ஆற அவர் பதினெட்டு வருஷம் துணிக்குள் காத்திருக்க வேண்டியிருந்தது. மூடி வைத்ததால் ஆறவில்லை. ரெண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி, ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டதால் ஆறியது. எனக்கு அந்தச் சிலையைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் தோன்றும்.

அதனால் எல்லாவற்றையும் விழுங்கு என்று நான் சொல்வதாக நினைக்காதே. சில கோபம் சரியானது, அதை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மேனேஜர் தோளில் கை வைத்துப் பேசினால், சாடைமாடையாக ஏதாவது சொன்னால், அங்கே மூச்சுப் பயிற்சி மருந்தில்லை. 2013ஆம் வருஷச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் உள் புகார் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தேதி, நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று அன்றைக்கே எழுதி வை. கோபம் அந்த எழுத்தில் இருக்கட்டும், அங்கேதான் அதற்குப் பலம்.

சின்ன விஷயங்களுக்கும் வாய் திறக்கத்தான் வேண்டும். ஆனால் மறுநாள், வயிறு நிறைந்திருக்கும்போது, ஒரே ஒரு விஷயத்தை மட்டும். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்காதே. அந்த வார்த்தை வந்ததும் எதிரில் இருப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். "ஏழு மணிக்கு எனக்கு வெந்நீர் வேணும், ஏழரைக்கு மெட்ரோ பிடிக்கணும். என்ன பண்ணலாம்?" என்று கேள். ஒரு தாளில் காலை நேரத்தைப் பிரித்து எழுதி கீசர் சுவிட்சுக்கு மேலே ஒட்டுங்கள். கீசரை அணைத்தது அவள்தானா என்றுகூட உனக்குத் தெரியாதே, பாப்பா. அந்தத் தளத்தில் எட்டுப் பேர் இருக்கிறீர்கள்.

இன்னும் ஒரு விஷயம், இதைத் தள்ளிப்போடாதே. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மட்டும் கோபம் ஏறுகிறதா என்று நோட்டில் தேதி போட்டுப் பார். தைராய்டு, ரத்தசோகை ரெண்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள். நம் வீட்டில் சித்திக்குத் தைராய்டு இருந்தது, நம்மில் யாரும் நோய் என்று நினைக்கவில்லை, சிடுசிடுப்பு என்றே நினைத்தோம். பாவம் அவள். பொருளைத் தூக்கி எறிகிற அளவுக்கு, யார் மேலாவது கை நீட்டுகிற அளவுக்குப் போனாலோ, வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ, அது டிப்ஸில் தீருகிற விஷயம் இல்லை. 14416க்கு ஃபோன் செய். டெலி-மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவசச் சேவை. ராத்திரி எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். அதை வழிநடத்துகிற நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதே ஊரில், ஓசூர் ரோட்டில் இருக்கிறது. நாடு முழுக்க இருந்து அங்கே வருகிறார்கள். நீ பக்கத்திலேயே இருக்கிறாய். போவதற்கு வெட்கப்பட்டால் என்னைக் கூப்பிடு, நான் வந்து அழைத்துப் போகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகாதே. காலை எட்டு மணிக்கு லால்பாக் வா. பிடிஎம்மில் மெட்ரோ ஏறு, ஆர்.வி.ரோடில் பச்சை வழிக்கு மாறு, லால்பாக் ஸ்டேஷனில் இறங்கு. உள்ளே கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறையில் உட்காருவோம். சுமார் 300 கோடி வருஷத்துப் பாறை அது. குட்டி வருவாள், நான் இட்லியும் கடலைச் சட்னியும் எடுத்து வருகிறேன். உன் ரூம்மேட்டையும் கூட்டி வா. அதற்கு முன்னால் இன்றைக்குச் சாயங்காலமே, கால் கழுவிவிட்டு, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிடு.